வீட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

1

நான் இருக்கும் ஊரில், நூலகத்தின் பின்னறையில், செவ்வாய்க்கிழமை தோறும் புதிதாக வந்த பெண்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கிறது. சொல்லித் தருவது நான் அல்ல. நாற்காலிகளை இழுத்துப் போடுவது, தேநீர் கலப்பது, எந்த பஸ் எங்கே போகும் என்று சொல்வது, இவ்வளவுதான் என் வேலை. போன வாரப் பாடம் 'உங்கள் சுற்றுப்புறம்'. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து வந்திருக்கும் கவிதாவுக்கு ஜோடி அமையவில்லை. ஆசிரியை என்னைக் கைகாட்டினாள்.

கவிதா தாளைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "வாட் இஸ் தேர் இன் ஃப்ரன்ட் ஆஃப் யுவர் ஹவுஸ்?"

வீட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். நாற்பது வருடத்துக்கு மேலாக இங்கிலாந்தில் இருக்கிறேன். என் வீட்டுக்கு முன்னால் தபால் பெட்டி இருக்கிறது, அதையடுத்து ஒரு பஸ் நிறுத்தம். சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன ஆன்ட்டி, ஒடம்புக்கு முடியலையா?" என்று பதறினாள் அந்தப் பெண்.

சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தேன். நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பல வருடமாக எங்கள் பேச்சு அப்படித்தான். "அது வெறும் பயிற்சிதானேம்மா, அதற்குப் போய் யாராவது அழுவார்களா?" என்று கேட்டாள். அவள் மேல் தவறில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் நான் என்ன விலை கொடுத்தேன் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லப் புகுந்தால் ஊர், தோட்டம், உறவுமுறை என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். இதெல்லாம் தெரிந்த உங்களுக்கு அந்த விளக்கம் வேண்டாம். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பிறந்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வாழ்க்கைப்பட்டது மீனாட்சிபுரத்தை ஒட்டிய ஒரு தோட்டத்து வீட்டுக்கு. வரைபடத்தில் கேரளம், வீட்டுக்குள் பேசுவது பொள்ளாச்சிப் பேச்சு. எங்கள் வீட்டுக்கும் எதிரில் இருந்த சோளக்காட்டுக்கும் நடுவே ஒரு வண்டித்தடம் உண்டு. தடத்துக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. என் மாமனார் காலையில் எருதுகளை ஓட்டிக்கொண்டு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு உழப் போவார், பொழுது சாய்ந்தால் திரும்பி வருவார்.

என் கணவர் கோயமுத்தூரில் ஒரு வார்ப்பு ஆலையில் வேலை பழகி, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனவர். கல்யாணத்துக்காக விடுப்பில் வந்திருந்தார். கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம் திரும்பிவிட்டார். விசா வந்ததும் நானும் போய்விடுவேன் என்பது பேச்சு. மாமியார் முன்பே தவறிவிட்டார். வீட்டில் மாமனார், நான், கறவை மாடுகள். முன்வாசலில் கைப்பிடிச் சுவர் வைத்த குடிதண்ணீர்க் கிணறு ஒன்று இருந்தது. ஊருக்குள்ளிருந்து பெண்கள் குடத்தோடு வருவார்கள். புதுப்பெண்ணான எனக்கு நாலு பேச்சு பேச அந்தக் கிணற்றடிதான் இடம்.

அவர் போன சில மாதங்களில் சரோஜா வந்து சேர்ந்தாள். சரோஜா என் கணவரின் தங்கை, கிட்டத்தட்ட என் வயது. மறையூரில் கரும்பும் வெல்ல ஆலையும் வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குழந்தை இல்லை என்று சொல்லி ஒரு தகரப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமனார் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். பின்பு அவர்கள் தரப்பில் இரண்டு பேர் வந்து, எங்கள் வாசலில் நின்றபடியே, இனி அவள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வாய் மோர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் காலை சரோஜா அந்தக் கிணற்றில் குதித்தாள்.

பால் கறக்க வந்த ஆட்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். மாமனார் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை, ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை. அந்த வாரமே வண்டி வண்டியாகச் செம்மண் கொண்டுவந்து கிணற்றை மூடினார். கைப்பிடிச் சுவரை இடித்தார். மேலே சாணி தெளித்து மெழுகச் சொன்னார். காலைக் கட்டிவிட்ட மாதிரி எங்கள் இருவருக்கும் ஒரு உத்தரவும் போட்டார்.

"ஊட்டுப் பொம்பளைங்க இனி வாசல் தாண்ட வேண்டாம். தண்ணி பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டுல இருந்து வந்துரும். ராசுவுக்கு இதொண்ணும் எழுத வேண்டாம்."

ராசு என்பது என் கணவர். வீட்டில் கடிதம் எழுதுகிறவள் சரோஜாதான். பத்தாவது தேறியவள், கையெழுத்து அச்சாக இருக்கும். 'அப்பாவுக்குத் துணையாகச் சரோஜா வந்திருக்கிறாள், எல்லோரும் சௌக்கியம்' என்று அவளே எழுதினாள்.

3

வருடம் ஒன்று திரும்பிய பிறகு அவரிடமிருந்து நீலநிற ஏர்லெட்டர் வந்தது. விசா ஆபீசில் அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். மெட்ராசில் என்னையும் கூப்பிடுவார்களாம். பொய்க் கல்யாணம் செய்து ஆட்களைக் கூட்டிவருகிறார்கள் என்று சந்தேகமாம். அதனால் அவரிடம் கேட்டதையே என்னிடமும் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். வீடு எந்தத் திசை பார்த்தது, பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், ரயில் ஸ்டேஷனுக்கு எப்படிப் போக வேண்டும், இந்த மாதிரிக் கேள்விகள். 'நம் ஊர்தானே, உள்ளதைச் சொன்னால் போதும்' என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'உனக்கு இங்கிலீஷ் பேச வரும் என்று சொல்லிவிட்டேன். இனி அதை மாற்றினால் எல்லாமே பொய் என்று ஆகிவிடும்.'

எட்டாவது வரை படித்தவள் நான். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிப்பேன். பேசியது கிடையாது. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்று காரில் வந்து இறங்கினேன். பிறகு கிணற்றடி. பிறகு அதுவும் இல்லை. ஸ்டேஷனில் ரயில் ஊதுவது கேட்கும். அது எந்தப் பக்கம் என்று கேட்டால் கைகாட்டத் தெரியாது.

சரோஜாதான் மாமனாரிடம் போய் நின்றாள். கிணற்றில் இருந்து எடுத்த பிறகு அவள் அப்பாவிடம் தானாகப் பேசியது அன்றுதான் முதல்.

"நங்கையை ஊரைச் சுத்திக் காட்டோணுமுங்கப்பா. இல்லீன்னா விசா கெடைக்காது."

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்போம். மாமனார் அவள் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "பொழுது எறங்கறதுக்குள்ள ஊடு வந்துரோணும் அம்மிணி. ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி ஒண்ணா வரோணும்."

4

இங்கிலீஷ் படிப்பதற்காக எனக்கு வெளிவாசல் திறந்தது.

சரோஜா தன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். ஆனால் அதில் இருந்த ஊர் எங்கள் ஊர் இல்லை. அதில் பூங்காவும் வாத்துக் குளமும் இருந்தன. அதை மூடி வைத்துவிட்டு, தெருவையே பாடமாக்கினாள்.

"தேர் இஸ்னா ஒண்ணு இருக்குது. தேர் ஆர்னா நெறைய இருக்குது. எங்கீங்க நங்கை, சொல்லுங்க பாக்கலாம்."

"தேர் இஸ் எ டீக்கடை."

"டீக்கடை இங்கிலீசு இல்லீங்க. டீ ஷாப்."

டீ ஷாப், ரேஷன் ஷாப், ஸ்கூல், மாரியம்மன் டெம்பிள். டெம்பிளுக்கு இடப்பக்கம் ஸ்கூல், ஸ்கூலுக்குப் பின்னால் ரயில்பாதை. முன்னால், பின்னால், நடுவில், எதிரில் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். பனந்தோப்புக்கு நடுவில் கள்ளுக்கடை இருந்தது. அதற்கு அவளுக்கும் இங்கிலீஷ் தெரியவில்லை. மாமனாரிடம் சொன்னபோது, "அந்தக் கருமத்தையெல்லாம் எதுக்கு வெள்ளைக்காரங்கிட்டச் சொல்லோணும்?" என்று அதைப் பாடத்திலிருந்து நீக்கிவிட்டார்.

எல்லை தாண்டி அரிசி கடத்துவதைத் தடுக்கப் போட்டிருந்த செக்போஸ்ட்டின் முன்னால் நாங்கள் வெகுநேரம் நிற்பதைப் பார்த்து, அங்கிருந்த மலையாளிக் காவல்காரர் எழுந்து வந்தார்.

"எந்தா ரெண்டாளும் இவிடே நோக்கி நிக்குந்நே?"

"இங்கிலீசு படிக்கிறமுங்க சார்," என்றாள் சரோஜா.

"செக்போஸ்டிலோ?" என்று சிரித்தார். நான் கையை நீட்டி, "தேர் இஸ் எ கார்டு" என்றேன். அந்த மனிதர் பெல்ட்டைச் சரிசெய்து, விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஆனால் எங்கே சுற்றினாலும் பொழுது இறங்குமுன் அந்த வாசலுக்குள் திரும்ப வேண்டும். பாடத்தின் கடைசிக் கேள்வி அங்கே காத்திருந்தது. முதல் நாள் வெளிவாசலைச் சாத்திவிட்டு, பழக்க தோஷத்தில் சரோஜா கேட்டுவிட்டாள். "வாட் இஸ் தேர் இன் ஃப்ரன்ட் ஆஃப் யுவர் ஹவுஸ்?"

நான் மெழுகிய தரையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"நத்திங்னு சொல்லுங்க," என்றாள். "தேர் இஸ் நத்திங்."

மெட்ராசுக்குப் புறப்படும் முன்பு மாமனார் என்னைக் கூப்பிட்டு வேறு விதமாகச் சொன்னார். "கெணத்தப் பத்திக் கேட்டா இருக்குதுன்னே சொல்லிரு அம்மிணி. அங்கிருந்து வந்து ஆரு பாக்கப்போறா?"

5

மெட்ராசில் விசா ஆபீசின் வெளிக்கூடத்தில் மாமனாரை உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே அழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு இளம் வெள்ளைக்காரர், வெயிலில் கழுத்தெல்லாம் சிவந்துபோய் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டார். அடுத்த அறையில் ஒருவர் தமிழில் யாருக்கோ கேள்விகளைச் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று என் கணவர் சொல்லி வைத்திருந்தார். ஆள் வேண்டும் என்றால் அவர் பொய்யர். அவர் பொய்யர் என்றால் கல்யாணமும் பொய்.

"நோ, சார்," என்றேன்.

வீடு கிழக்கு பார்த்தது. ஸ்டேஷன் வலப்பக்கம். டெம்பிளுக்குப் பக்கத்தில் ஸ்கூல். செக்போஸ்ட் இருக்கிறது, அதில் ஒரு கார்டு இருக்கிறார். அவர் ஒவ்வொன்றுக்கும் எதையோ பார்த்துத் தலையாட்டினார். சரோஜா பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பது போலவே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் விழுந்தேன்.

"எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

கிணறு என்ற சொல் அந்தக் கேள்வியில் இல்லை. ஒத்திகை பார்த்தபடியே, "ஃப்ரம் நெய்பர்ஸ் பம்ப், சார்," என்று கடகடவென்று சொன்னேன்.

"உங்கள் வீட்டில் கிணறு இல்லையா?"

"நோ, சார். தேர் இஸ் நோ வெல்." சொன்ன பிறகுதான் மாமனார் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. "எஸ், சார். தேர் இஸ் எ வெல்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இருக்கிறதா, இல்லையா?"

முன்பு இருந்தது, இப்போது இல்லை. தமிழில் ஒரு குழந்தை சொல்லிவிடும். சரோஜா எனக்குச் சொல்லித் தந்ததெல்லாம் இருப்பதைச் சொல்லும் இங்கிலீஷ். இருந்து இல்லாமல் போனதைச் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் தெரியவில்லை.

"தேர் இஸ் எ வெல்," என்றேன். "தேர் இஸ் நோ வெல்."

திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். வீடு திரும்பிச் சில வாரங்களில் விசா இல்லை என்று தபால் வந்தது. வேண்டுமானால் மீண்டும் விண்ணப்பிக்கலாமாம்.

6

என் கணவர் கோபமாக எழுதினார். 'நான் பிறந்ததிலிருந்து குடித்து வளர்ந்த கிணற்றை இல்லை என்று சொல்லியிருக்கிறாய். என்னைப் பொய்யன் என்று நினைக்கிறார்கள். பயந்துவிட்டாயா, இல்லை உனக்கு அங்கிருந்து வரவே மனமில்லையா?'

மாமனார் கட்டிலில் உட்கார்ந்து பதில் சொல்லச் சொல்ல, சரோஜா எழுதினாள். "மருமகளுக்கு இங்கிலீசு பத்தலை. பயத்துல ஒளறிட்டா. கெணறு இருக்குது, நல்லாத்தான் இருக்குது, தண்ணி வத்தலைன்னு எழுது."

சரோஜாவின் பேனா நின்றது. மாமனார் அவளைப் பார்க்கவில்லை. "எழுது," என்றார். எழுதினாள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூடிக் கிடக்கும் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்றும், உண்மையைச் சொன்ன நான் உளறிவிட்டேன் என்றும் அந்த அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் கடல் தாண்டிப் போயிற்று.

வெளிவாசல் மறுபடி சாத்தப்பட்டது. படிப்புதான் முடிந்ததே என்றார் மாமனார். ஐப்பசி, கார்த்திகை என்று மாதங்கள் ஓடின. எனக்குள் ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது: இந்த வாசலில்தான் கிழவியாகப் போகிறேன். சமைக்கும்போதும் அதே நினைப்பு, சாணி அள்ளும்போதும் அதே நினைப்பு. சரோஜாவின் முகத்தைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. அவள் குதித்ததற்கு நான் ஏன் இங்கே கிடக்க வேண்டும் என்று மனதுக்குள் ஓடும். அடுத்த நொடியே, அவள் வேறு எங்கே போவாள் என்றும் ஓடும்.

ஒரு நாள் காலை மாட்டுக்கொட்டகையில் நான் பால் கறந்துகொண்டிருந்தபோது சரோஜா வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விசாவுக்கு மறுபடியும் எழுதிப் போடச் சொல்லி அண்ணனுக்கு எழுதிட்டேனுங்க. கூப்புடுவாங்க. இந்த வாட்டி ஒழுங்காப் படிச்சுட்டுப் போகோணும்."

"என்னத்தைப் படிக்கிறது, போ."

"வாஸ். தேர் வாஸ் எ வெல். கெணறு இருந்துது. நவ் தேர் இஸ் நோ வெல். இப்ப இல்லை. சொல்லுங்க."

நான் சொன்னேன்.

"ஏன் மூடுனீங்கன்னு கேப்பாங்க. ஒய்னு கேப்பாங்க."

நான் கறப்பதை நிறுத்திவிட்டேன். "கால் தவறி விழுந்துட்டான்னு சொல்லிக்கிறேன் சரோஜா. அதுக்கு இங்கிலீசு சொல்லு, போதும்."

"அது ஃபெல்லுங்க. வழுக்கி விழுகறது." தூணை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் வழுக்கலைங்க நங்கை. ஜம்ப்டுன்னு சொல்லுங்க. மை சிஸ்டர்-இன்-லா ஜம்ப்டு."

"எனக்கு வாய் வராது."

"வரோணும். இந்த ஊருல ஒருத்தரும் அதைச் சொல்லலை. அப்பா சொல்லலை, ஊரு சொல்லலை, நீங்களும் சொல்லலை. மண்ணப் போட்டு மூடிட்டீங்க. ஒரு எடத்துலயாச்சும் நடந்தது நடந்தபடி இருக்கட்டும். வெள்ளைக்காரங்கிட்டன்னாலும் செரி."

அன்றிலிருந்து தினமும் கறவை நேரத்தில் அதே பாடம். அவள் கேட்பாள், "ஒய்?" நான் சொல்வேன். ஜம்ப்டு என்ற சொல்லில் என் நாக்கு இடறும். இடறினால் மறுபடி சொல்லச் சொல்வாள். தன் கதையை என் வாயில் அவள் திரும்பத் திரும்பப் போட்டாள், பதறாமல் நான் சொல்லும் வரைக்கும்.

7

இரண்டாம் முறையும் அதே அதிகாரி. கழுத்துச் சிவப்பு ஆறியிருந்தது. என்னை அவருக்கு நினைவிருந்தது. கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு நேராகக் கிணற்றுக்கு வந்தார்.

"தேர் வாஸ் எ வெல், சார்," என்றேன். "நவ் தேர் இஸ் நோ வெல்."

"ஒய்?"

"மை சிஸ்டர்-இன்-லா ஜம்ப்டு. மை ஃபாதர்-இன்-லா குளோஸ்டு த வெல்." பிறகு, பாடத்தில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்த்தேன். "மை ஹஸ்பெண்ட் நோ நோ." தெரியாது என்பதற்கு இரண்டு நோ போட்டது தப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார். "டிட் ஷி டை?"

"நோ, சார். ஷி இஸ் மை டீச்சர்."

அவர் ஒன்றும் எழுதவில்லை. பிறகு எழுந்து எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார்.

திரும்பும் ரயிலில் மாமனார், ஈரோடு தாண்டிய பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"கெணத்தப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க மாமா."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேனுங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "வெள்ளைக்காரங்கிட்டச் சொன்னதோட நிக்கட்டும் அம்மிணி," என்றார். "ராசுகிட்டச் சொல்லாத. தங்கச்சி மேல உசுரா இருக்கறவன். தெரிஞ்சா மறையூருக்குப் போயி வெட்டுக்குத்துன்னு நின்னுருவான். எனக்கு ஒரே பையன்." என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். மாமனார் மருமகள் கையைப் பிடிக்கிற வழக்கம் எங்களில் கிடையாது. சரி என்று சொல்லிவிட்டேன்.

விசா வந்தது. புறப்பட்ட அன்று சரோஜா வெளிவாசல் வரை வந்தாள். அதைத் தாண்டவில்லை.

8

இங்கிலாந்தில் எனக்குக் கிடைத்தது மாடியில் ஒரு அறை, பிறகு ஒரு சின்ன வீடு. என் கணவருக்கு இரவு வேலை. பகலெல்லாம் தூங்குவார். பாத்திரம் சத்தம் போடக்கூடாது, குழாய் சத்தம் போடக்கூடாது. வெளியே போகாதே, குளிர், வழி தெரியாது, ஏதாவது கேட்டால் உளறிவிடுவாய் என்பார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. சனிக்கிழமை அவரே கடைக்குப் போய் எல்லாம் வாங்கி வந்துவிடுவார். ஜன்னல் கண்ணாடியில் மூச்சுப் பட்டு ஆவி படியும். துடைத்துவிட்டு எதிர்ச்சுவரைப் பார்ப்பேன். மீனாட்சிபுரத்து வாசலைத் தாண்டி இன்னொரு வாசலுக்குள் வந்திருக்கிறேன் என்று புரிய எனக்கு அதிக நாள் ஆகவில்லை.

ஆலையில் கூட வேலை செய்கிற நம்மூர்க்காரர்கள் எப்போதாவது சாப்பிட வருவார்கள். அவர் ஒவ்வொரு முறையும் அதே கதையை எடுப்பார். "எங்க ஊட்டு முன்னால இருக்குற கெணத்த இல்லைன்னு சொல்லிட்டு வந்தவ இவ. இங்கிலீசு அந்த லட்சணம்." எல்லோரும் சிரிப்பார்கள். நான் ரசம் ஊற்றுவேன். ரயிலில் கொடுத்த வாக்கை மீற மாட்டேன். அந்த அதிகாரியிடம் அத்தனை பாடுபட்டுச் சொன்னதை, பக்கத்தில் படுத்திருக்கிற மனிதரிடம் தாய்மொழியில் சொல்ல முடியவில்லை. மகள் பிறந்தாள். அவளைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போதுகூட, மறந்தும் கிணற்றைப் பற்றிய பாட்டு எதுவும் பாட மாட்டேன்.

9

எழுபதுகள் முடியும் தறுவாயில் மாமனார் இறந்துபோனார். தந்தி கண்டு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தகனம் முடிந்திருந்தது. டாக்சி வெளிவாசலில் நின்றது. என் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, நாலடி நடந்து, அப்படியே நின்றார். வாசலில் கிணறு இருந்த இடம் வெறும் தரையாக இருந்தது. அங்கே சோளம் காயப் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து சரோஜா வந்தாள்.

"கெணறு எங்க சரோஜா?" இறந்துபோன அப்பாவைப் பற்றிக் கேட்கும் முன்பே அவர் வாயில் வந்தது அதுதான்.

"மூடிட்டாங்கண்ணா. மறையூர்லிருந்து என்னைய அனுப்பிச்சப்ப நான் அதுல குதிச்சேனுங்க. எடுத்துப் போட்டாங்க. அப்பா மூடிட்டாங்க."

அவர் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அந்தச் சோளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று சின்னப் பையனைப் போலக் கேட்டார்.

"நங்கை சொன்னாங்களே," என்றாள் சரோஜா. "நீங்கதானுங்கண்ணா அவிகளுக்கு இங்கிலீசு வராதுன்னீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, அது அவருக்கு வராது. ஆனால் அதற்குப் பிறகு உயிரோடு இருந்த வரைக்கும் யார் முன்னாலும் அந்தக் கதையை எடுத்ததில்லை. மறையூருக்கும் போகவில்லை. தங்கையின் காலடியில் உட்கார்ந்து, அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, கருமாதி வரை அந்த வீட்டிலேயே இருந்தார். எங்களோடு வந்துவிடு என்று அவளைக் கெஞ்சினார். தங்கைக்கு விசா சட்டத்தில் இடமில்லை என்று அவருக்கும் தெரியும். சரோஜா தோட்டத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். வெளிவாசல் கதவை அவள் கழற்றி மாட்டுக்கொட்டகைக்கு அடைப்பாக வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

கிளம்புகிற அன்று, பெட்டி கட்டும்போது, அவள் என்னிடம் கேட்டாள்.

"அங்க உங்க ஊட்டைச் சுத்தி என்னென்ன இருக்குதுங்க நங்கை?"

சொல்லத் தொடங்கினேன். எதிரில் ஒரு சுவர் இருக்கிறது. ஒரு கடை இருக்கிறது, எந்தப் பக்கம் என்று சரியாகத் தெரியாது. அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

"பக்கத்து ஊட்டுல ஆரு இருக்கறாங்க?"

"தெரியலை சரோஜா."

அவள் புடவையை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். செக்போஸ்ட்டின் முன்னாலும் பள்ளிக்கூடத்தின் பின்னாலும் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியவள். அவள் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து சில நாட்கள் கழித்து, அவர் தூங்கிய ஒரு பகலில், மகளுக்குக் கோட்டு மாட்டி, கதவைத் திறந்து வெளியே இறங்கினேன். குளிர் முகத்தில் அடித்தது. பக்கத்து வீட்டு வாசலில் வயதான ஒரு வெள்ளைக்காரி பால் புட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் சுவருக்கு அப்பால் இருமியது அவள்தான். நான் போய் நின்று, என் பெயரைச் சொல்லி, அவள் பெயரைக் கேட்டேன்.

"டோரீன்," என்றாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்குப் பேச வராது என்று நினைத்திருந்தேன்," என்றாள். பிறகு என் மகளின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, கடை எந்தப் பக்கம் என்று கைகாட்டினாள்.

அன்று சாயங்காலம் சரோஜாவுக்கு எழுதினேன். வீட்டை விட்டு இறங்கி வலது கைப்பக்கம் திரும்பினால் கடை வருகிறது, கடைக்கு எதிரில் பள்ளிக்கூடம், அதற்குப் பின்னால் ரயில்பாதை. எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் டோரீன் இருக்கிறாள். அவளுக்கு வலப்பக்கம் நான் இருக்கிறேன்.